பாபநாசம் முதல் குறுக்குத்துறை வரை: மார்கழியில் தாமிரபரணிக் கரையோரம்

வெள்ளி இரவு, அம்பாசமுத்திரம்

தாமிரபரணிக் கரையைப் பிடித்துக்கொண்டு பாபநாசத்திலிருந்து திருநெல்வேலி வரை நடப்பது என்று பள்ளிக்கூட நாளிலேயே பேசி வைத்திருந்தோம். அப்போது வீட்டில் விடவில்லை. பிறகு ஆளுக்கொரு ஊராகிப் போனது. இந்த மார்கழியில்தான் எல்லோருக்கும் ஒன்றுபோல் நாள் அமைந்தது.

கூட வருகிறவர்களைச் சொல்லிவிடுகிறேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவனை வாத்தியார் என்போம். ராணுவத்திலிருந்து திரும்பியவன் பட்டாளம். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயல் வைத்திருப்பவன் சம்சாரி. எங்கள் பக்கத்தில் விவசாயிக்கு அதுதான் பெயர். நான் சென்னைக்குப் போய்விட்டவன். ஊரில் இருக்கிறவனுக்கும் போனவனுக்கும் இடையில் ஒரு தூரம் விழுந்துவிடும் என்பார்கள். காலையில் பாபநாசத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சம்சாரி, "ஏலே, மப்ளரக் கழுத்துல சுத்துனா போதுமா, காதுல சுத்து" என்றான். தூரம் அங்கேயே போய்விட்டது.

மார்கழியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓரளவு ஓய்ந்திருக்கும். ஆற்றில் தண்ணீர் நிறையக் கிடக்கும். இரண்டு கரையிலும் பிசானப் பயிர், அதாவது எங்கள் பக்கத்துக் குளிர்கால நெல், பச்சையாக நிற்கும். சித்திரையில் இந்தக் கரையில் பத்து மணிக்கு மேல் நடக்க முடியாது. இன்று மதியம் வரைக்கும் வெயில் உறைக்கவே இல்லை. பொதிகை மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது.

பாபநாசநாதர் கோயிலில் திருப்பள்ளியெழுச்சி முடிந்து சூடாகப் பொங்கல் கொடுத்தார்கள். நவகைலாயத் தலங்களில் இது முதலாவது. அகத்தியரின் சீடர் உரோமசர் ஆற்றில் விட்ட ஒன்பது தாமரைப் பூக்கள் ஒதுங்கிய இடங்களில் எல்லாம் சிவன் கோயில் எழுந்தது என்பது தலபுராணம். வாத்தியாருக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். பூ போன வழியில்தான் நாமும் போகிறோம் என்றான்.

மேலே கல்யாண தீர்த்தம் வரை ஏறினோம். வ.வே.சு. ஐயர் உயிர் விட்ட இடம் அது. 1925 ஜூனில் சேரன்மகாதேவி குருகுலத்துப் பிள்ளைகளையும் தம் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்தவர். மகள் சுபத்திரை தண்ணீரில் விழுந்துவிட, காப்பாற்றக் குதித்தவர் திரும்பி வரவில்லை. லண்டனில் சாவர்க்கரோடு இருந்தவர், போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிப் புதுச்சேரி வந்து சேர்ந்தவர், எங்கள் ஆற்றில் போனார். அருவி இரைச்சலில் யாரும் பேசவில்லை. பட்டாளம் மட்டும் பாறை ஓரம் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நீச்சல் தெரிஞ்சும் பிரயோஜனம் இல்ல" என்றான்.

கீழே இறங்கிப் படித்துறைக்கு வந்தால் மனசு கெட்டுப்போனது. பரிகாரம் என்று குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறார்கள். வேட்டி, சேலை, பனியன், குழந்தைச் சட்டை எல்லாம் பாறை இடுக்கில் சிக்கிக் கிடக்கின்றன. ஒரு சேலையின் முந்தானை தண்ணீருக்குள் ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி அயிரை மாதிரிச் சின்ன மீன்கள். இந்தத் தண்ணீரைத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. பாவத்தைக் கழுவ வருகிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். சம்சாரி பேசாமல் நான்கைந்து துணிகளை இழுத்துக் கரையில் போட்டான். நாங்களும் சேர்ந்துகொண்டோம். பட்டாளம் எங்கிருந்தோ ஒரு சாக்கு வாங்கி வந்தான். அரை மணி நேரத்தில் சாக்கு நிறைந்தது. படித்துறை அப்படியேதான் இருந்தது.

அப்புறம் விக்கிரமசிங்கபுரம். 1880-களில் ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் அருவி நீரின் விசையில் பஞ்சாலை ஓட்டிய ஊர். அங்கிருந்து அம்பை வரை பெரும்பாலும் வரப்பிலும் வண்டிப்பாதையிலுமாக நடந்தோம். கால் வலிக்கிறது. மீதி நாளைக்கு.

சனி இரவு, திருப்புடைமருதூர்

அம்பையில் காலை இட்லி. மாவு அம்பை 16 அரிசியில் அரைத்ததா என்று சம்சாரி கடைக்காரரிடம் விசாரித்த பிறகுதான் உட்கார்ந்தான். இங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-இல் தொடங்கியது. அம்பை 16 அங்கிருந்து 1986-இல் வந்த ரகம். குட்டையான, தடித்த அரிசி. அப்போது அவன் அப்பா, "பேர்லயே ஊர் இருக்கு, போட்டுப் பாப்போம்" என்று விதைத்தாராம். இன்றும் ஒரு வயலில் அதைத்தான் போடுகிறான்.

இன்றைய நாள் முழுக்க அவனுடையது. ஆற்றை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்தது குளித்த படித்துறைகள்தான். கன்னடியன் அணைக்கட்டுக்கு அவன் கூட்டிப் போய்க் காட்டியபோதுதான் ஆறு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தது.

பாபநாசம் அணையைப்போல் ஆற்றை மறித்துத் தேக்குவதல்ல இது. குறுக்கே தாழ்வான ஒரு கல் தடுப்பு. தண்ணீர் அதன்மேல் ஏறி வழிந்து தன் வழியே போய்விடும். அப்படி ஏறும்போது மட்டம் கொஞ்சம் உயர்கிறதே, அந்த உயரம்தான் காரியம். அதை வைத்து ஓரத்தில் உள்ள தலைமதகு வழியாகக் கால்வாய்க்குத் தண்ணீர் திரும்புகிறது. அதற்குப் பிறகு மோட்டாரும் வேண்டாம், இறைக்கவும் வேண்டாம். சரிவு பார்த்து வெட்டிய வாய்க்காலில் தானே ஓடுகிறது. இப்படி ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் உள்ளது மட்டும்தான் ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முன்பே நம் ஆட்கள் கட்டியவை. பதினொரு கால்வாய்கள், 86,000 ஏக்கருக்கு மேல் பாசனம். சம்சாரி இந்தப் பெயர்களை ஒரே மூச்சில் சொன்னான். நதியுண்ணி என்று பேர் வைத்தவன் கவிஞன் என்றான் வாத்தியார்.

கன்னடியனுக்கு ஒரு கதை உண்டு. கன்னட தேசத்துப் பிரம்மச்சாரி ஒருவன் சேர மன்னனிடம் பெற்ற பொருளை என்ன செய்வது என்று அகத்தியரைக் கேட்டானாம். ஒரு பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு போ, அது போகிற வழியில் கால்வாய் வெட்டு, கோமியம் விடுகிற இடத்தில் மடை வை, படுக்கிற இடத்தில் குளம் தோண்டு என்றாராம். கதையை விடுங்கள், மேட்டில் ஏறாமல் சரிவைத் தேடி நடப்பது மாட்டின் குணம். மட்டம் பார்க்கிற கருவி இல்லாத காலத்தில் மாட்டை விட்டால் வேறு யாரிடம் கேட்பது? அந்தப் பசு படுத்த குளங்களை நம்பித்தான் இன்றும் கல்லிடையிலிருந்து பத்தமடைப் பக்கம் வரை பிசானம் விளைகிறது.

சம்சாரியின் வயலில் பயிர் முழங்காலுக்குக் கீழே இருந்தது. பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மடை வாயில் ஒரு பழைய கல். அதில் தண்ணீர் அரித்து அரித்து விளிம்பு வழவழப்பாகத் தேய்ந்து, நடுவில் கட்டைவிரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளத்துக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை வைத்தே மேலே மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறான். மண்வெட்டியால் ஒரு கொத்துச் சேற்றை எடுத்து மடையை அடைத்தான்.

"டேம்ல எவ்வளவுலே கிடக்கு?" என்று கேட்டேன்.

"நூத்தி முப்பது அடியத் தாண்டிட்டு. ஆனா அது நமக்கு மட்டுமா? கீழ மருதூர்க்காரன், ஸ்ரீவைகுண்டத்துக்காரன் எல்லாம் பாத்துட்டு இருக்கான்லா. நாம அடைச்சாத்தான் அவனுக்குப் போகும்."

கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கட்டு வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினோம். ஆற்றோரம் மருத மரங்கள். இங்கே மரத்துக்கு மருது என்றும் ஊருக்கு மருதூர் என்றும் சும்மா பெயர் வைக்கவில்லை. தரையெல்லாம் வேர் புடைத்து, ஓர் ஆள் உட்காரத் தோதாக இருக்கிறது. வாலாட்டிக் குருவிகள் மணல் திட்டு முழுக்க ஓடின. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்தவை. ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பட்டாளம் காட்டினான். மற்ற மீன்கொத்திகள் கிளையில் உட்கார்ந்து குதிக்கும். இது தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது. அலகு செங்குத்தாகக் கீழே பார்க்கிறது, உடம்பு ஆடவில்லை, சிறகு மட்டும் அடிக்கிறது. விழுந்தது, எழுந்தது, அலகில் மீன். பட்டாளம் கைதட்டிவிட்டான்.

மாலைக்கு முன் திருப்புடைமருதூர். கடனா நதி தாமிரபரணியில் கலக்கிற இடம். இங்கே நான் சொல்ல விரும்புவது இரண்டு.

ஒன்று கோபுரம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் ஐந்து நிலைகள். ஒவ்வொன்றிலும் சுவர் முழுக்க ஓவியம், மரத்தில் செதுக்கிய சிற்பம். குறுகலான படியில் டார்ச் அடித்துக்கொண்டு ஏறினோம். ஒரு சுவரில் கடல் தாண்டிக் குதிரைகளை ஏற்றி வந்த மரக்கலம். குதிரைகளின் முகம் வரிசையாக வெளியே தெரிகிறது. சிவப்பும் மஞ்சளும் இன்னும் துலக்கமாக இருக்கின்றன. வாத்தியார் ஒரு சுவர் முன்னால் நின்றவன் நகரவே இல்லை. பாடம் நடத்தின இத்தனை வருஷத்தில் பிள்ளைகளை இங்கே கூட்டி வந்திருக்கலாமே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். உண்மைதான். பக்கத்து ஊர்ப் பள்ளிகள் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வர வேண்டிய இடம் இது.

மூலவர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறார். வெள்ளத்தில் ஆற்றைக் கடக்க முடியாமல் அக்கரையில் நின்று கருவூர்ச் சித்தர் கூப்பிட, காது கொடுத்துக் கேட்கச் சாய்ந்தாராம். ஆறு பெருகும் ஊருக்கு ஏற்ற சாமி.

மற்றது பறவைகள். 2005-இல் இந்த ஊரைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். ஊர்க்காரர்களே கேட்டு வாங்கியது. இந்த வகைக் காப்பகத்தில் நாட்டிலேயே முதலாவது. பரப்பு என்று பார்த்தால் மூன்று ஹெக்டேர்கூடக் கிடையாது. கோயிலைச் சுற்றியுள்ள மருதும் இலுப்பையும்தான். இருட்டுகிற நேரத்தில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் வந்து அடைகிற சத்தம் காதை அடைக்கிறது. தெருவில் எச்சம் விழத்தான் செய்கிறது. வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவரிடம் இது தொந்தரவு இல்லையா என்று பட்டாளம் கேட்டான். "இதுக நம்ம வீட்டுப் பிள்ளைகல்லா ஐயா, எங்க போவும்?" என்று சொல்லிவிட்டுக் கோலத்தைத் தொடர்ந்தார்.

ஞாயிறு இரவு, சேரன்மகாதேவி

இரவு பனி நன்றாக இறங்கியது. கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு, பஜனைக்காரர்கள் ஊரைச் சுற்றி முடிக்கும் முன் கிளம்பிவிட்டோம். முக்கூடலில் திண்ணைக்குத் திண்ணை முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள். அரியநாயகிபுரம் அணைக்கட்டில் கோடகன் கால்வாய் பிரிகிறது. அணைக்கட்டு தாண்டினால் ஆறு மெலிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நிறைந்திருந்தது. வயலில் பாய்ந்தது போக மிஞ்சியது வடிகாலாக ஆற்றுக்கே திரும்பி வருகிறது என்றான் சம்சாரி. மேலே ஒருவன் வயலில் நின்ற தண்ணீர் கீழே இன்னொருவனுக்குப் பாசனம். அதனால்தான் மேலே பூச்சிமருந்து அடித்தால் கீழே தெரியும் என்றும் சொன்னான். நேற்று அவன் மடையை அடைத்தபோது சொன்னதன் மறுபாதி இது.

சேரன்மகாதேவிக்கு நான் வர விரும்பியதற்குக் காரணம் குருகுலம். வ.வே.சு. ஐயர் 1922-இல் இங்கே தொடங்கியது. தாய்மொழியில் கல்வி, உடலுழைப்பு, தேச பக்தி என்று பெரிய கனவு. தமிழ்நாடு முழுக்க எல்லாச் சாதியாரும் நன்கொடை கொடுத்தார்கள். ஆனால் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு என்பது வெளியே தெரிந்ததும் காங்கிரசே இரண்டுபட்டது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கடுமையாக எதிர்த்தார்கள். ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்துத்தான் பாபநாசம்.

ஆற்றங்கரையில் இதைப் பற்றி ரொம்ப நேரம் பேசினோம். வாத்தியாருக்கு ஐயர் மேல் பெரிய மதிப்பு. அவருடைய சிறுகதைகளை வகுப்பில் நடத்தியவன். பெற்றோர் கேட்டதற்காக ஒத்துக்கொண்டார், அவருக்கு அந்தப் பேதம் கிடையாது என்றான். சம்சாரி ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க தாத்தா காலத்துல ஆத்துல துறையே வேற வேறல்லா. அதப் பாத்த பய படிக்கப் போன எடத்துலயும் எல வேறன்னா எப்படி இருக்கும்?" என்றான். நான் சம்சாரி பக்கம். நல்ல மனிதர் தவறான இடத்தில் விட்டுக்கொடுத்தார், அதன் விலை சின்னதல்ல. அதற்காகக் கல்யாண தீர்த்தத்தில் நின்றபோது வந்த துக்கம் குறைந்துவிடவில்லை. வாத்தியார் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி வே, தனிப்பந்தி தப்புதான்" என்றான்.

மதியத்துக்கு மேல் பத்தமடை. கோரைப் பாய் ஊர். ஆற்றோரம் அறுத்த கோரையைக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப் போட்டு, நார் நாராகக் கிழித்து நெய்கிறார்கள். ஒரு வீட்டில் பாட்டியும் பேத்தியும் தறியில் இருந்தார்கள். தரையோடு தரையாக இழுத்துக் கட்டிய பருத்தி நூல்பாவு. பேத்தி நீளக் குச்சியின் நுனியில் கோரையை மாட்டி நூல்களுக்கு மேலும் கீழுமாக ஓட்ட, பாட்டி வாங்கி அச்சை அடித்து நெருக்குகிறார். ஒரு கோரை, ஓர் அடி. கோரை தலைமயிர் அளவுக்குச் சன்னம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்து கொடுக்கிற பட்டுப்பாய் முடிய வாரக்கணக்கில் ஆகுமாம். பாயைச் சுருட்டினால் துணி மாதிரி மடங்குகிறது. பட்டாளம் மகள் கல்யாணத்துக்கு ஒன்று சொல்லி வைத்தான். விலையை அவன் குறைத்துக் கேட்கவில்லை. இதில் பேரம் பேசுவது பாவம்.

ஊருக்கு வெளியே கன்னடியன் கால்வாய்த் தண்ணீர். சம்சாரி குனிந்து ஒரு கை அள்ளி முகம் கழுவினான். "எங்க வயலத் தாண்டி வந்த தண்ணி" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இவ்வளவு காலம் இந்தக் கால்வாயை நம்பி விவசாயம் செய்தவன், கீழே இது எங்கே போகிறது என்று நடந்து வந்து பார்த்தது இப்போதுதானாம்.

திங்கள் இரவு, திருநெல்வேலி

கோடகநல்லூர் வழியாகச் சுத்தமல்லிக்கு வந்தோம். அங்கே பிரிகிற நெல்லைக் கால்வாய்தான் நகரத்துக்குள் நுழைவது. அதுவரை வந்த கரைக்கும் அதற்குப் பிறகு வந்த கரைக்கும் சம்பந்தமே இல்லை. தண்ணீரின் நிறம் மாறுகிறது. வாடை வருகிறது. ஆகாயத்தாமரை மூடிய இடங்களில் ஓட்டமே தெரியவில்லை. சாக்கடை கலப்பது பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்குப் போயிருக்கிறது; குழாய்கள் இன்னும் ஆற்றைப் பார்த்துத்தான் இருக்கின்றன. மேலே எட்டு அணைக்கட்டுப் பெயரையும் தெரிந்து வைத்திருக்கிறவன் தண்ணீரை மடை மடையாகக் கணக்குப் பார்த்து விடுகிறான். கீழே இருக்கிற நாம் குழாயைத் திறக்கிறோம், சாக்கடையை விடுகிறோம். எனக்கு இதில் கோபம் உண்டு. இந்த ஊர் அல்வாவுக்கு ருசியே இந்தத் தண்ணீர்தான் என்று பெருமை பேசுகிற நமக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளத் தெரிய வேண்டாமா?

குறுக்குத்துறையில் மனசு ஆறியது. ஆற்றுக்கு நடுவில் இருக்கும் முருகன் கோயில். வெள்ளம் வருகிற செய்தி கிடைத்ததும் உற்சவரை எடுத்துக்கொண்டு மேலக்கோயிலுக்குப் போய்விடுவார்கள். தண்ணீர் கோயிலை மூழ்கடித்துவிட்டு வடியும், கழுவிவிட்டுத் திரும்பவும் பூஜை. 2023 டிசம்பர் 17, 18-இல் வந்த வெள்ளத்திலும் அப்படித்தான். வெள்ளத்தை எதிர்த்துக் கட்டாமல், தண்ணீர் கிழித்துக்கொண்டு போகத் தோதாகப் படகின் முன்பக்கம்போல் முனை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த முனைக் கல்லில் சாய்ந்து உட்கார்ந்து கல்லிடை அப்பளத்தை வைத்துக் கட்டுச்சோறு சாப்பிட்டோம். அப்பளம் பொரித்துக் கொடுத்தது கரையில் கடை வைத்திருக்கும் அக்கா. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

சாயங்காலம் சுலோச்சன முதலியார் பாலம். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே பரிசலிலும் படகிலும் ஜனங்கள் பட்ட பாட்டைப் பார்த்து, அரசு வேலையில் இருந்த அந்த மனிதர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது. 1843-இல் திறந்தார்கள். இன்றைக்கும் பஸ் ஓடுகிறது.

சம்சாரிக்கு இன்று ராத்திரி வயலுக்குத் தண்ணீர் கட்ட வேண்டிய முறை. ஆறரை மணி அம்பை பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். ஓடுகிறபோதே அடுத்த பாதியைப் பேசி முடித்துவிட்டோம். முறப்பநாடு, மருதூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, கடைசியில் ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல். பிசான அறுப்பு முடிந்து அவன் நெல்லை விலைக்குப் போட்டதும் கிளம்புவதாகத் திட்டம். மருதூர் அணைக்கட்டு குதிரை லாடம் மாதிரி வளைந்து கிடக்கும், அதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்க்க வேண்டும் என்று பஸ் படியில் நின்றபடியே கத்தினான். பாபநாசத்துக்கு இன்னொரு நாள் ஆட்களையும் சாக்குகளையும் சேர்த்துக்கொண்டு போவது பட்டாளத்தின் பொறுப்பு. அவன் போன் எடுத்து ஆள் பிடிக்கத் தொடங்கிவிட்டான்.